முதன்முறையாக மீன் ஸ்டாக் காய்ச்சினேன்: கலங்கலும் கசப்பும் எங்கிருந்து வந்தன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் சமைக்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. சூப், சாஸ் போன்றவற்றுக்கு அடித்தளமாக எலும்பைக் காய்ச்சி எடுக்கும் சாறான ஸ்டாக்கைக் கோழி எலும்பில் நான்கைந்து முறை காய்ச்சி, அது ஓரளவு கைவந்துவிட்ட துணிச்சலில், சென்ற வாரம் மீன் ஸ்டாக்கில் இறங்கினேன். கிடைத்த சாறு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. எந்த இடத்தில் தவறினேன் என்பதை அனுபவம் உள்ளவர்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒரு பெரிய கொடுவாத் தலை, அதன் நடுமுள், வால், துடுப்புகள் ஆகியவற்றோடு, நான்கு கானாங்கெளுத்தி மீன்களின் தலையும் முள்ளும் கையில் இருந்தன. எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். குழாய் நீரில் ஒருமுறை அலசிவிட்டு, நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று தனியாகக் கொதிக்கவைத்திருந்த மூன்று லிட்டர் நீரை அவற்றின் மேல் ஊற்றினேன். பெரிய துண்டுகளாக நறுக்கிய கேரட், வெங்காயம், மிஞ்சியிருந்த கால் முட்டைக்கோஸ், ஒரு கைப்பிடி மிளகு, இரண்டு தேக்கரண்டி உப்பு ஆகிய அனைத்தையும் அப்போதே போட்டுவிட்டேன். கோழி ஸ்டாக்குக்கு நான்கு மணி நேரம் தேவைப்படுகிறதே என்ற எண்ணத்தில், இதையும் நான்கு மணி நேரம் நன்றாகக் கொதிக்க விட்டேன்.

வடிகட்டியபோது சாம்பல் நிறத்தில், அரிசி கழுவிய நீரைப் போலக் கலங்கிய ஒரு நீர் கிடைத்தது. முதல் வாயில் மீன் சுவை தெரிந்தாலும், விழுங்கிய பின் அடிநாக்கில் ஒரு கசப்பு வெகுநேரம் நின்றது. சுண்ணாம்புக் கட்டியை நக்கியதுபோல நாக்கு வறண்டது. கவிச்சி வாடை மறுநாள் வரை வீட்டை விட்டுப் போகவில்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்தும் அது கோழி ஸ்டாக்கைப் போல உறையவில்லை. மீன் ஸ்டாக்கின் இயல்பே இதுதானா, அல்லது நான்தான் அதைக் கெடுத்தேனா?

முதல் மறுமொழி

நண்பரே, நீங்கள் அளவுகளையும் நேரத்தையும் மறைக்காமல் எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாக இருக்கிறது. உணவகச் சமையலறையில் பல ஆண்டுகள் மீன் பகுதியில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல மீன் ஸ்டாக் கலங்காது, கசக்காது, வீட்டை நாறடிக்காது. நீங்கள் கோழிக்குக் கற்றுக்கொண்டதை அப்படியே மீனுக்குச் செய்திருக்கிறீர்கள். மீன் அதைத் தாங்காது.

முதலில் நேரத்தைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் சாற்றை அதிகம் கெடுத்தது அதுதான். கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் எலும்பையும் தசைநாரையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதியானது; அது கரைந்து, சாற்றுக்குப் பிசுபிசுப்பைத் தரும் ஜெலட்டினாக மாற மணிக்கணக்கில் சூடு வேண்டும். மீனின் கொலாஜனில் அந்த இறுக்கமான பிணைப்புகள் மிகக் குறைவு என்பதால், அது குறைந்த சூட்டிலேயே விரைவாகக் கரைந்துவிடுகிறது. முள்ளும் மெல்லியது. ஆகவே தர வேண்டிய சுவையையும் பிசுபிசுப்பையும் மீன் முள் முதல் அரை மணி நேரத்திற்குள் தந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அடுப்பில் வைத்திருந்தால் முள்ளில் உள்ள சுண்ணாம்பு உப்புகள் நீரில் இறங்கத் தொடங்கும். உங்கள் நாக்கு உணர்ந்த அந்தச் சுண்ணாம்பு வறட்சி அதுவேதான். 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தலையாக இருந்தால் 40 நிமிடம் வரை போகலாம். ஒரு மணி நேரத்தை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, செவுள். நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை என்பதால் நீக்கவில்லை என்று எண்ணுகிறேன். தலையின் இருபுறமும் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவந்த சீப்பு போல அடுக்கடுக்காக இருப்பதுதான் செவுள். அதில் இரத்தமும் அழுக்கும் மிகுதி. மீன் கெடத் தொடங்கும் இடங்களில் அது முதன்மையானது. கத்திரிக்கோலால் மேல் முனையையும் கீழ் முனையையும் வெட்டிவிட்டு இழுத்தால் முழுவதும் ஒரே துண்டாக வந்துவிடும். ஒரு செவுள் தவறி உள்ளே போனாலும் அந்தப் பானை முழுவதும் கசப்பும் கலங்கலும் ஏறிவிடும்.

அடுத்து, நடுமுள்ளை விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் முள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். உறைந்த இரத்தம் என்று பலரும் எண்ணும் அது உண்மையில் மீனின் சிறுநீரகம். அதன் மேல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதைக் கத்தி முனையால் நீளவாக்கில் கீறிவிட்டு, கரண்டிக் காம்பினாலோ இதற்கென்றே வைத்திருக்கும் பல்துலக்கியினாலோ ஓடும் நீரில் தேய்த்தால், முள்ளின் கணுக்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெரியவரும். கணு இடுக்கில் சிவப்பு இருக்கும்வரை தேய்க்க வேண்டும். பித்தப்பை உடைந்து பச்சை படிந்த துண்டு ஏதும் இருந்தால் அதை வெட்டி எறிந்துவிடுங்கள். கழுவினாலும் அந்தக் கசப்பு போகாது. இவ்வளவும் முடிந்த பின், தலையை இரண்டாகப் பிளந்து, முள்ளை விரல் நீளத் துண்டுகளாக்கி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீர் சிவக்கச் சிவக்க இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். கடைசியாக மாற்றிய நீர் ஏறக்குறையத் தெளிவாக நின்றால் போதும்.

மீனின் வகையும் முக்கியம். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை, சால்மன் போன்றவை எண்ணெய் மிகுந்த மீன்கள். அவற்றின் கொழுப்பு சூட்டில் எளிதாகச் சிதைந்து வாடையைக் கூட்டும். சாற்றில் ஒரு கனத்த சுவையை ஏற்றிவிடும். வெண்சதையும் குறைந்த கொழுப்பும் உள்ள கொடுவா, சங்கரா, களவா, நாக்கு மீன் போன்றவற்றின் முள்ளே ஸ்டாக்குக்கு உகந்தது. கொடுவாத் தலையை மட்டும் வைத்திருந்தால் உங்களுக்கு நல்ல சாறு கிடைத்திருக்கும்.

இனிக் காய்ச்சும் முறை. முள்ளைப் பாத்திரத்தில் பரப்பி, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். ஒரு கிலோ முள்ளுக்கு ஒன்றரை லிட்டர் சரியாக இருக்கும். கொதிநீரை ஊற்றியது உங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தவில்லை, கலங்கலைத்தான் கொண்டுவந்தது. மீனில் உள்ள கரையும் புரதங்கள் குளிர்ந்த நீரில் மெல்ல வெளியே வந்து, சூடு ஏற ஏறத் திரண்டு, பெரிய நுரையாக மேலே மிதக்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம். கொதிநீர் பட்டால் அதே புரதங்கள் அந்த நொடியிலேயே பொடிப்பொடியாக உறைந்து சாறு முழுவதும் பரவிவிடும், பிறகு எந்தத் துணியாலும் வடிகட்டிப் பிரிக்க முடியாது. தீயை நடுத்தரமாக வைத்து, முதல் நுரை எழும்பும்போது பக்கத்தில் நின்று எடுங்கள். நுரை அடங்கியதும் தீயைக் குறைத்து, மேற்பரப்பு இலேசாக நடுங்குவதும், ஓரத்தில் மட்டும் ஓரிரு குமிழிகள் வந்து உடைவதுமாக வைத்திருங்கள். வெப்பமானி இருந்தால் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை. தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பும் துகள்களும் நீரோடு அடிபட்டுக் கலந்து சாறு பால்போல வெளுக்கும். இடையில் கரண்டி விட்டுக் கிண்டவும் கூடாது.

காய்கறிகளை நுரை எடுத்த பிறகே சேர்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் சுவை இறங்க வேண்டும் என்பதால் மெல்லியதாக நறுக்குங்கள்; கோழிக்குப் போடுவதைப் போன்ற பெரிய துண்டுகள் இங்கே பாதி வேகும்போதே நேரம் முடிந்துவிடும். வெங்காயம், லீக்கின் வெள்ளைப் பகுதி, செலரி, காளான் தண்டு, பார்ஸ்லி தண்டு, ஒரு பிரிஞ்சி இலை ஆகியவை நன்றாகப் பொருந்தும். கேரட் இனிப்பையும் நிறத்தையும் ஏற்றும் என்பதால் நான் போடுவதில்லை. முட்டைக்கோஸ் வேண்டவே வேண்டாம். வேகும்போது அதிலிருந்து எழும் கந்தக வாடை மீன் வாடையோடு சேர்ந்தால் தாங்க முடியாது. மிளகை இறக்குவதற்கு 10 நிமிடம் முன்பு, எட்டுப் பத்து மணிகள் மட்டும் போடுங்கள். நெடுநேரம் வெந்த மிளகும் கசக்கும்.

உப்பைப் பற்றி ஒரு சொல். ஸ்டாக் என்பது வேறொரு சமையலுக்கு அடித்தளம். நாளை அதைப் பாதியாகச் சுண்டவைக்க நேர்ந்தால் இன்று சரியாக இருந்த உப்பு இரு மடங்காகக் கரிக்கும். ஆகவே உப்பே போடாமல் காய்ச்சுங்கள். சுவை பார்க்கும்போது மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து அதில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பார்த்தால், சாற்றின் உண்மையான தரம் தெரிந்துவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே எழுதியவர் சொன்னவை அனைத்தையும் நான் ஏற்கிறேன். வாடையைப் பற்றி மட்டும் இன்னும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் தொடக்கநிலையினர் பெரும்பாலோர் மீன் ஸ்டாக்கை ஒருமுறையோடு கைவிடுவதற்கு அந்த வாடையே காரணமாக இருக்கிறது. நான் வேதியியல் கற்பிப்பவன். சமையலிலும் ஈடுபாடு உண்டு.

அப்போதே பிடித்த கடல் மீனுக்குக் கவிச்சி வாடை கிடையாது. கடல்நீரின் உப்பை ஈடுகட்டிக்கொள்வதற்காகக் கடல் மீன்கள் தம் உடலில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற ஒரு சேர்மத்தை வைத்திருக்கின்றன. அதற்கு வாடை இல்லை. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. கவிச்சி வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். நாள் ஆக ஆக இது கூடும். செவுளிலும் குடல் பகுதியிலும் பாக்டீரியாக்கள் மிகுதி என்பதால் அங்கே விரைவாகக் கூடும். அதே வேளையில், மீன் சதைக்கு இனிய சுவையைத் தரும் இனோசினேட் என்ற பொருள் மெல்லச் சிதைந்து, இறுதியில் கசப்புச் சுவை உள்ள ஹைப்போசாந்தினாக மாறுகிறது. எனவே பழைய மீனில் வாடை ஏறுவதும் சுவை இறங்குவதும் ஒன்றாகவே நடக்கின்றன, அடுப்பில் நாம் செய்யும் எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

இதனால்தான் ஸ்டாக்குக்கான தலையை வாங்கும்போது சதை வாங்குவதைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்கிறேன். கண் குழி விழாமல் பளபளப்பாகவும், செவுள் பழுப்பேறாமல் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கருகே கொண்டுசென்றால் கடல் மணம் மட்டும் வர வேண்டும். அன்றே காய்ச்ச முடியாவிட்டால், செவுளை நீக்கிக் கழுவித் துடைத்து, உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. இரண்டு மூன்று முறை மீன் வாங்கும்போது மிஞ்சும் முள்ளை இப்படிச் சேர்த்து வைத்து ஒரு நாள் காய்ச்சலாம்.

அமிலம் சேர்ந்தால் டிரைமெத்திலமைன் ஆவியாகாத உப்பாக மாறிவிடும், வாடை மூக்கை எட்டாது. ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறோ, சிறிதளவு வெள்ளை ஒயினோ போதும். ஆனால் இது நல்ல மீனில் இயல்பாக இருக்கும் சிறிதளவு வாடைக்கான மருந்து. கெட்ட மீனை மூடி மறைப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. குறிப்பாகச் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிரூட்டப்படாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது, உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை மீன் விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

நன்னீர் மீனில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு மிகக் குறைவு. ஆனால் சிலவற்றில் சேற்று வாடை இருக்கும். அது நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. அதையும் அமிலம் சிதைக்கும் என்பதால், நன்னீர் மீன் தலைக்கு எலுமிச்சை கூடுதலாகவே பயன்படும்.

மூன்றாம் மறுமொழி

ஐயா, தாங்கள் சொன்ன முறை தெளிவான சாறு தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நான் வேறொரு வழியைப் பின்பற்றுகிறேன். கேள்வி கேட்டவர் அதையும் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

நான் முதலில் அடிகனமான அகன்ற பாத்திரத்தில் சிறிது வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் செலரியையும் நிறம் மாறாமல் வதக்கிக்கொள்வேன். பின்பு ஊறவைத்து வடித்த முள்ளைப் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் புழுங்க விடுவேன். கண்ணாடிபோல இருந்த சதைத் துணுக்குகள் வெண்மையாக மாறும்போது ஒரு குவளை வெள்ளை ஒயின் ஊற்றி, அது பாதியாகச் சுண்டியதும் குளிர்ந்த நீர் விட்டு 25 நிமிடம் வைத்திருப்பேன். பிரெஞ்சுச் சமையலில் இதை ஃப்யூமே என்பார்கள். இதில் மணம் ஆழமாக இருக்கும். தெளிவு சற்றுக் குறையும் என்பது உண்மைதான். குழம்பான சாஸுக்கோ பாலாடை சேர்த்த சூப்புக்கோ போகப்போகிற சாறு பளிங்குபோல இருக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஒயின் பயன்படுத்தாதவர்கள் எலுமிச்சையை இறுதியில் சேர்க்கலாம்.

தலையைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. தலையில்தான் ஜெலட்டின் மிகுதி. கன்னத்திலும் தாடையிலும் உள்ள தோலும் குருத்தெலும்பும் சாற்றுக்கு அடர்த்தியைத் தருகின்றன, வெறும் நடுமுள்ளில் அது கிடைக்காது. செவுளை நீக்கத் தயங்கித் தலையையே விட்டுவிடுகிறவர்கள் ஸ்டாக்கின் பாதியை இழக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு அக்கறையோடு பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. செவுளை நான் நீக்கவே இல்லை. நடுமுள்ளை ஒட்டிய சிவப்புக் கோட்டையும் சுவை தரும் என்று எண்ணி அப்படியே விட்டிருந்தேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சாறு உறையாமல் போனதற்கு நீர் அதிகமானதுதான் காரணமா? மேலும், என் வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதில் வைத்தால் நேரம் இன்னும் குறையுமா? காய்ச்சிய சாற்றை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி எழுதியவர்

மூன்று லிட்டர் நீர் அந்த முள்ளுக்கு இரு மடங்கு என்பதால் சாறு நீர்த்துப் போனது உண்மை. ஆனால் உறைவதையே வெற்றியின் அடையாளமாக மீன் ஸ்டாக்கில் கொள்ள வேண்டாம். மாடு, பன்றி ஆகியவற்றின் ஜெலட்டின் ஏறத்தாழ உடல் சூட்டில்தான் உருகும், அதனால் குளிர்ந்தால் கட்டியாக நிற்கிறது. மீன் ஜெலட்டின் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். காட் போன்ற குளிர்கடல் மீனுடையது 10 டிகிரி அளவிலேயே இளகும். ஆகவே மிகவும் செறிவான சாறுதான் குளிர்பதனப் பெட்டியில் தளர்வான கூழாக உறையும். உறையாவிட்டால் இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு துளியைத் தேய்த்துப் பாருங்கள், இலேசாக ஒட்டினால் ஜெலட்டின் வந்திருக்கிறது என்று பொருள். கூடுதல் செறிவு வேண்டுமானால், முள்ளை நீக்கி வடிகட்டிய பின் சாற்றை மட்டும் சுண்டவைக்கலாம். முள்ளோடு சேர்த்துச் சுண்டவைக்கக் கூடாது.

குக்கரைப் பற்றி: மூடியைத் திறக்காமல் தானாக அழுத்தம் இறங்க விட்டால் உள்ளே கொந்தளிப்பு இராது என்பதால், அதில் தெளிவான சாறு எடுக்கிறவர்களும் உண்டு. இருப்பினும் கற்றுக்கொள்ளும் காலத்தில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நுரை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது, நிறம் எப்படி மாறுகிறது, மணம் எந்த நிமிடத்தில் நன்றாக இருக்கிறது என்பதையெல்லாம் திறந்த பாத்திரம் உங்களுக்குக் காட்டும். மூடிய பாத்திரம் முடிவை மட்டும் காட்டும். மொத்தமே அரை மணி நேர வேலை, அதில் மிச்சம் பிடிப்பதற்கு அதிகம் இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அடுப்பை அணைத்ததும் உடனே கவிழ்த்து வடிகட்டாதீர்கள். 10 நிமிடம் அசையாமல் விட்டால் துகள்கள் அடியில் படியும். பிறகு மெல்லிய துணி விரித்த வடிகட்டியில் அகப்பையால் மேலிருந்து மொண்டு ஊற்றி, அடியில் தங்கும் கலங்கலை விட்டுவிடுங்கள். முள்ளைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்தால், அதுவரை காத்த தெளிவெல்லாம் அந்த ஓர் அழுத்தலில் போய்விடும்.

நான்காம் மறுமொழி

சேமிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மீன் ஸ்டாக் மிக விரைவாகக் கெடும் பொருள். புரதமும் நீரும் மிகுந்த, உப்பில்லாத நீர்மம் பாக்டீரியாக்களுக்கு நல்ல விருந்து. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் அவை வேகமாகப் பெருகும். கொதித்தும் சாகாத சில பாக்டீரியாக்களின் வித்துகள், சாறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துவிடும். ஆகவே அடுப்பிலேயே மூடிவைத்து இரவு முழுவதும் ஆற விடுவது தவறு. வடிகட்டிய பாத்திரத்தைப் பனிக்கட்டி இட்ட நீர்த்தொட்டியில் இறக்கி, அவ்வப்போது கலக்கிக்கொண்டிருந்தால், ஓரிரு லிட்டர் சாறு அரை மணி நேரத்திற்குள் ஆறிவிடும். இரண்டு மணி நேரத்திற்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்திற்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது உணவகங்களில் பின்பற்றப்படும் விதி.

குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள், உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த பின்னும் கெடாது என்றாலும், அதற்கு மேல் மணம் மங்கிவிடும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். கண்ணாடிப் புட்டியில் கழுத்து வரை நிரப்பினால் வெடித்துவிடும். சிறு சிறு அளவுகளாகப் பிரித்து, தேதி எழுதி வையுங்கள். பயன்படுத்தும்போது முழுக் கொதிநிலைக்குக் கொண்டுவந்த பிறகே சமையலில் சேருங்கள்.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். என் மகளுக்கு மீன் ஒவ்வாமை உண்டு. ஒவ்வாமையைத் தூண்டும் பர்வால்புமின் என்ற புரதம் சூட்டில் அழிவதில்லை. அது சாற்றிலும் கரைந்திருக்கும். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில், மீன் துண்டு எதுவும் இல்லாத காய்கறிச் சூப் என்று நம்பிக் கொடுத்தோம். இரண்டு கரண்டி உண்பதற்குள் அவளுடைய உதடு வீங்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சூப்பின் அடித்தளம் மீன் ஸ்டாக் என்பதைச் சமைத்தவர் சொல்ல நினைக்கவில்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாததால் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. உடனே மருத்துவமனைக்கு ஓடியதால் பிழைத்தாள். அதனால்தான் ஒவ்வொரு புட்டியிலும் தேதியோடு சேர்த்து ‘மீன்’ என்றும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறொருவருக்குப் பரிமாறும்போது கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று மறுபடியும் காய்ச்சினேன்.

இம்முறை சங்கராத் தலை இரண்டும், அதே மீன்களின் நடுமுள்ளும் மட்டும். செவுளை எடுக்கக் கத்திரிக்கோலோடு 15 நிமிடம் போராட வேண்டியிருந்தது; முதல் தலையில் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது, இரண்டாவது தலையில் மேல் முனை எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து வெட்டியதும் நீங்கள் சொன்னதுபோலவே ஒரே துண்டாக வந்தது. நடுமுள்ளின் சவ்வைக் கீறித் தேய்த்தபோது கழுவுதொட்டியில் ஓடிய நீரின் நிறத்தைப் பார்த்து, சென்ற முறை இதையெல்லாம் சேர்த்தா காய்ச்சினேன் என்று திகைத்துப் போனேன். ஊறவைத்த நீரை மூன்று முறை மாற்றினேன்.

ஒன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி அடுப்பில் வைத்து, பக்கத்திலேயே நின்றேன். ஏறத்தாழ 12 நிமிடத்தில் வெள்ளையும் சாம்பலும் கலந்த நுரை பாத்திரத்தின் நடுவில் திரளத் தொடங்கியது. வழித்து எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. ஆறாவது கரண்டிக்குப் பிறகு வெறும் சிறு குமிழிகள் மட்டும் நின்றன, அப்போது நுரைக்கு அடியில் இருந்த நீர் பாத்திரத்தின் அடி வரை தெளிவாகத் தெரிந்தது. தீயைக் குறைத்துக் காய்கறிகளைச் சேர்த்தேன். ஒருமுறை மட்டும் கவனம் சிதறியதில் கொதி வந்துவிட்டது. உடனே தீயைத் தணித்தேன் என்றாலும் ஓரளவு கலங்கல் அப்போது ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். 30 நிமிடத்தில் அணைத்து, 10 நிமிடம் விட்டு, அகப்பையால் மொண்டு வடிகட்டினேன்.

வெளிர் வைக்கோல் நிறத்தில், சற்றே மங்கலாக, ஒரு லிட்டரும் கால் லிட்டரும் கிடைத்தது. சிறு கிண்ணத்தில் எடுத்துச் சிட்டிகை உப்பு இட்டுக் குடித்தபோது முதலில் இனிப்பும், பிறகு மீனின் மென்மையான சுவையும் வந்தன. விழுங்கிய பின் கசப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. காலையில் பெட்டியைத் திறந்து பாத்திரத்தைச் சாய்த்தால், சாறு நீர்போல ஓடாமல் மெல்ல நகர்கிறது. பாதியை உறைய வைத்து ‘மீன்’ என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அந்தச் சிறிய மங்கலை நீக்க வழி உண்டா?

முதல் மறுமொழி எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி. ஆறிய சாற்றில், லிட்டருக்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவை இலேசாக அடித்துக் கலந்து, சிறு தீயில் மெல்லச் சூடேற்றினால், வெள்ளைக்கரு உறையும்போது துகள்களைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு மிதவையாக எழும்; அதை உடைக்காமல் ஓர் ஓரத்தில் துளையிட்டுச் சாற்றை மொண்டு துணியில் வடிகட்டலாம். ஆனால் அதில் சுவையும் கொஞ்சம் போய்விடும். நீங்கள் சொல்லும் அளவு மங்கலுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். இந்தச் சாற்றை இப்படியே சூப்பாக்கிக் குடியுங்கள், அடுத்த முறை நுரை அடங்கிய பின்னும் அடுப்பருகிலேயே நில்லுங்கள்.